இருபத்தாறாம் தேதி கூட்டம் இருக்காது

டிசம்பர் 3, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. பூசை முடிந்து வரும்போது எண்ணிப் பார்த்தேன், தெருவில் எட்டு வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்குகிறது. எங்கள் வீட்டில் இந்த வருடம் கிடையாது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நட்சத்திரம் கட்ட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிடுவோம். என் மனைவி சலேத்தம்மாள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. முறை முறைதான்.

மதியம் சாப்பிடும்போது என் மகன் ஜெரோம் மெதுவாக ஆரம்பித்தான்.

“அப்பா, லீவுல எல்லாரும் ஒருநாள் வெளிய போயிட்டு வரலாம்னு இருக்கோம். உடுமலை தாண்டி புதுசா ஒரு பார்க் திறந்திருக்காங்க. ராட்டினம், தண்ணி வெளையாட்டு எல்லாம் இருக்காம். வீட்டுல நல்ல நாள் மாதிரியே இருக்காது. ஆன்சி பாவம், சின்னப் புள்ள.”

“நாள் குறிச்சாச்சுன்னு சொல்லு, போதும். என்னை எதுக்குக் கேக்குற?”

“இன்னும் குறிக்கல மாமா,” என்றாள் மருமகள் ரெஜினா.

கேட்காமல் செய்வதுதான் இந்த வீட்டு வழக்கம். சலேத்தம்மாளின் கட்டிலைக் கூடத்திலிருந்து மாற்றும்போது கேட்டார்களா? அவள் புடவைகளை மடத்துக்குக் கொடுக்கும்போது கேட்டார்களா? நான் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

டிசம்பர் 6, புதன்

காலையில் கடும் பனி. எதிர் வீடு இருந்த இடத்தில் அதன் நட்சத்திரம் மட்டும் தெரிந்தது.

ஜெரோம் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். “நீயும் வா பிலோ. அது யார் வீடும் இல்லல்ல?” என்றான். பேப்பரைத் திருப்பினேன். அதன் பிறகு அவன் சமையலறைக்குள் போய்விட்டான்.

பிலோமினா என் மகள். பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. மருதமுத்து என்கிற டிரைவரின் மகனைத் திருமணம் செய்துகொண்டு உடுமலையில் இருக்கிறாள். அன்றைக்குச் சொன்னேன்: “என் படி மிதிக்காத. நானும் உன் படி மிதிக்க மாட்டேன்.” சொன்ன சொல்லை நான் மாற்றியதில்லை. பிப்ரவரியில் அம்மாவின் அடக்கத்துக்கு வந்தாள். வீட்டுக்குள் வராமலே போனாள். அதிலிருந்தே அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சாயங்காலம் ஜெரோமிடம் அந்தப் பூங்காவின் படத் தாளைக் கேட்டு வாங்கினேன். இவர்களிடம் விட்டால் பத்து மணிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நிற்பார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன், பஸ்ஸைத் துடைத்துக்கொண்டே கால அட்டவணையைப் பார்த்து இங்கிலீஷ் படித்தவன். வீட்டில் இப்படி ஒருவன் இருக்கும்போது அவர்களாகத் திட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவ்வளவுதான் காரணம்.

டிசம்பர் 9, சனி

‘வெள்ளிமேகம்’ என்று அதற்குப் பெயர். வரைபடம் நன்றாகப் போட்டிருக்கிறான். மேக ராட்டினம், பனி அறை, அலைக் குளம், சோம்பல் ஆறு. சோம்பல் ஆறு என்பது வட்டமாக ஓடும் வாய்க்கால். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தால் அதுவே நம்மைச் சுற்றிக் கொண்டுவந்து ஏறிய இடத்தில் விடுமாம். வாசலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படி இல்லை. சுழல் கம்பிதான் இருக்கிறது.

பேத்தி ஆன்சியின் சார்ட் பேப்பரில் அட்டவணை எழுதினேன். 9.15 வாசல். 9.30 மேக ராட்டினம். 10.05 பனி அறை. 11.20 சோம்பல் ஆறு (அனைவரும்).

ரெஜினா படித்துப் பார்த்தாள். “மாமா, ஒண்ணுக்குப் போக டைமே போடலையே?”

“பத்து ஐம்பதுல நாலு நிமிஷம் இருக்கு பாரு.”

“எனக்கா, எல்லாருக்குமா?”

இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதிலும் சிரிப்பு.

மதியம் வரைபடத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விரலால் வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக நடந்தேன். அலைக் குளம் வரை போனது ஞாபகம் இருக்கிறது. அங்கே யாருமே இல்லை. ராட்டினங்கள் ஆளில்லாமல் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றில் ஈர மண்ணின் வாசம். எழுந்தபோது மணி நாலரை. நாலு மணி நடை தவறிவிட்டது.

டிசம்பர் 12, செவ்வாய்

தேதி முடிவு செய்துவிட்டேன். இருபத்தாறு.

ஜெரோம் முப்பதாம் தேதி என்றான். நான் என் பழைய நோட்டுகளை எடுத்துப் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பண்டிகைக்கும் எந்த வண்டியில் எவ்வளவு கூட்டம் என்று வருடா வருடம் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டு எழுதியதில்லை. டிசம்பர் இருபத்து மூன்று, இருபத்து நான்கில் படியில் தொங்குவார்கள். இருபத்தைந்து மாலையில் ஓரளவு. இருபத்தாறாம் தேதி காலை எல்லா வண்டியும் காலி. தின்றுவிட்டுத் தூங்குவார்கள். முப்பத்தொரு வருடமும் அப்படித்தான்.

“அது அந்தக் காலம்ப்பா,” என்றான்.

“ஜனங்க அதே ஜனங்கதான். இருபத்தாறாம் தேதி கூட்டம் இருக்காது. உன் தங்கச்சிகிட்டயும் சொல்லிடு.”

சொன்ன பிறகுதான் அவன் என்னைப் பார்த்தான். நான் நோட்டைக் கட்டி வைத்தேன்.

டிசம்பர் 14, வியாழன்

பனி. இருமல். அட்டவணையில் சோம்பல் ஆற்றுக்குக் கூடப் பதினைந்து நிமிடம் கொடுத்தேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மருதமுத்துவும் வருகிறானாம். பிலோமினாவின் மகளைப் பார்த்துக்கொள்ள என்று ஜெரோம் சொல்கிறான்.

எழுதி வைக்க வேண்டியது ஒன்று. தொண்ணூற்றெட்டில் காலை 6.10 பழனி வண்டியை மருதமுத்து ஒன்பது நிமிடம் தாமதமாக எடுத்தான். நான் எழுதினேன். அது அவனுக்கு மூன்றாவது முறை, ஒரு மாதம் சஸ்பெண்டு ஆனான். ஒன்பது நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று ஸ்டாண்டே கேட்டது. ஒன்பதை விட்டால் பத்தையும் விடவேண்டும். என் மகளுக்கு அவன் மகன்தான் கிடைத்தானா? அவளை நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். “உங்க வாட்சு பாத்தா நான் மனுஷனைத் தேட முடியும்?” என்றாள். இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

மறுபடியும் மதியத் தூக்கத்தில் பூங்காவுக்குப் போயிருந்தேன். இந்த முறை சோம்பல் ஆற்றின் கரையில் நின்றேன். வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் வளையம் மிதந்து வந்தது. அதில் சலேத்தம்மாள். புடவையை முழங்கால் வரை ஒதுக்கிக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மாதிரி பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். வட்டமான ஆறுதானே, திரும்ப வருவாள் என்று நின்றேன். வந்தாள். மறுபடியும் பார்த்தாள், போனாள். மூன்றாவது முறை வளையம் மட்டும் வந்தது.

அவள் இருந்த நாளில் தினமும் நாலு மணிக்கு நான் நடக்கப் போவேன். நடை உடம்புக்கு நல்லது. நான் போனதும் அவள் உடுமலைக்குப் போன் போடுவாள். எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்தாள். திரும்பி வரும்போது கேட்டருகில் செருப்பை இரண்டு முறை தட்டுவேன். தூசி.

இப்போதும் நாலு மணிக்குப் போகிறேன். இன்று திரும்பி வந்து செருப்பைத் தட்டினேன். உள்ளே யாரும் போனை வைக்கவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

உடுமலையிலிருந்து போன். பேசி முடித்துவிட்டு ஜெரோம் சொன்னான்: “அப்பா நெசமாவே வர்றாரான்னு மூணு தடவை கேட்டா.”

“அட்டவணை போட்டவன் வராம யாரு வருவா?”

“அதத்தான் நானும் சொன்னேன்.”

டிசம்பர் 24, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டேன். முட்டி வலி.

டிசம்பர் 25, திங்கள்

பூசைக்குப் போய் வந்தோம். ஒன்பது வீட்டிலிருந்து தட்டு வந்தது. முறுக்கு, கல்கல், கேக், ஒரு வீட்டிலிருந்து பிரியாணியே வந்தது. வாங்கி வைக்க இடமில்லை. நம் வீட்டு அடுப்பில் எதுவும் சுடாத கிறிஸ்துமஸ் வேறு யார் வீட்டிலோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன். “மாமா, தண்ணியில எறங்குற இடத்துக்கு இஸ்திரி எதுக்கு?” என்றாள் ரெஜினா. சட்டையை ஆணியில் மாட்டினேன்.

டிசம்பர் 26, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆம்னி வேனில் ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பழனி தாண்டும்வரை சாலை காலி. நான் ஜெரோமைப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்த்தான். உடுமலைக்கு அப்பால் பனி இறங்கி, காற்றாலைகளின் இறக்கைகள் மட்டும் வெண்மைக்குள்ளிருந்து வந்து வந்து போயின. பிறகு வண்டி நின்றது. முன்னால் பஸ். அதற்கு முன்னால் பஸ். கேரளாக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மொட்டை போட்டுவிட்டுப் பழனியிலிருந்து நேராக வந்தவர்கள். ஆன்சி நாற்பது பஸ் வரை எண்ணினாள். “எழுபது வரைக்கும் எண்ணு, தாத்தா நோட்டுல எழுதிக்குவார்,” என்றாள் ரெஜினா.

என் நோட்டில் பொய் இல்லை. இருபத்தாறாம் தேதி யாரும் ஊருக்குப் போவதில்லை. எல்லாரும் பூங்காவுக்குப் போகிறார்கள். அந்தக் காலத்தில் பூங்கா இல்லை, அதனால் எழுதவில்லை.

பத்தே கால் மணிக்கு வரிசையில் நின்றோம். கயிறு கட்டி, வரிசையை மடித்து மடித்து விட்டிருந்தார்கள். ஒரு மடிப்பில் கிழக்கே நடந்தால் அடுத்த மடிப்பில் மேற்கே நடக்க வேண்டும். பக்கத்து மடிப்பில் வருகிறவர்கள் நம் தோளை உரசிக்கொண்டு எதிர்த்திசையில் போவார்கள். பனி இன்னும் விலகவில்லை. மேக ராட்டினத்தின் மேல் பாதி மட்டும் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் வெண்மைக்குள்ளிருந்து எழுந்து, கத்தி, வெண்மைக்குள் இறங்கினார்கள். தூக்கத்தில் பார்த்த இடம்தான். ஜனம் மட்டும் கூடுதல். அந்த வெள்ளைக்குள்ளிருந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிலோமினா வந்தாள்.

காதோரம் நரைத்திருக்கிறது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் வாட்சைப் பார்த்தேன். அவள் முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தாள். ஒரு முழ தூரம்கூட இல்லை. கடந்து போனாள்.

அடுத்த மடிப்பில் மறுபடியும் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதுப் பெண். “அம்மா, இவங்கதான் டைம் தாத்தாவா?”

“முன்னாடி பாத்து நட தாமரை.”

அப்படியென்றால் அவள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

மூன்றாவது மடிப்பில் மருதமுத்து எட்டிப் பார்த்தான். வயதாகிவிட்டது, ஆனால் மீசை அப்படியே இருக்கிறது. “என்ன டைம் கீப்பர் சார், இருபத்தாறாந் தேதி கூட்டமே இருக்காதாமே? எங்களையும் ஏழு மணிக்கெல்லாம் கெளப்பி விட்டீங்களே!” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“கணக்கு சரிதான்யா. ஜனந்தான் தப்பு,” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

நான்காவது. பிலோமினா என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நின்ற ஜெரோமிடம் சொன்னாள்: “அண்ணே, அப்பாவுக்கு முட்டி வீங்கியிருக்கு. எங்கயாவது உக்கார வைங்க.”

“எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுடா.”

“ஒண்ணுமில்லையாம்,” என்றான் ஜெரோம், ஒரு முழ தூரத்துக்குத் தபால்காரனாக.

ஐந்தாவது முறை அவள் கயிற்றுக்கு மேலே தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். வாங்கினேன். ஏதாவது சொல்வதற்குள் வரிசை நகர்ந்து, அவளைப் பனிக்குள் கொண்டுபோய்விட்டது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க ஒரு மடிப்பு முழுக்க நடக்க வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரிசை வேகமாகப் போகக்கூடாது என்று நினைத்தேன்.

வந்தாள். “பாதி இருக்கு,” என்றேன். பதினோரு வருடத்தில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு.

“நீங்களே வச்சுக்கங்க.”

ஏழாவது மடிப்பில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஒரு வாக்கியம் கிட்டத்தட்டத் தயாராகியும் விட்டது. அப்போது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: உள்ளே இடம் நிறைந்துவிட்டது, இன்று இனி அனுமதி இல்லை, நாளை வாருங்கள். கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். மடிப்பெல்லாம் கலைந்து எல்லாரும் ஒரே திசையில் நடந்தார்கள். ஆன்சி அழுதாள், அதைப் பார்த்துத் தாமரையும் அழுதாள். இரண்டு பேரும் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. அழுதுகொண்டே கை கோத்துக்கொண்டார்கள்.

“அண்ணே, வீடு இருபது நிமிஷந்தான். வாங்க, சோறாக்கிடலாம்,” என்றாள் பிலோமினா. அண்ணனிடம்தான் சொன்னாள்.

அவள் வீட்டுக் கேட் பச்சை நிறம். மருமகன் காற்றாலையில் ஷிப்டுக்குப் போயிருந்தான். எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. “முட்டி,” என்றேன். ஜெரோம் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போனான்.

வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். பனி விலகி வெயில் வந்தது. உள்ளே பாத்திரச் சத்தம், பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். கேட்டுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இதை எழுதத்தான் வேண்டும். பிப்ரவரி பதினொன்றாம் தேதி சலேத்தம்மாளைப் பந்தலில் கிடத்தியிருந்தபோது பிலோமினா வேண்டுமென்றே வீட்டுக்குள் வராமல் போகவில்லை. வந்தாள். எங்கள் கேட்டுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘வா’ என்ற ஒரு சொல் போதும். நான் வாட்சைப் பார்த்தேன். பெட்டியை எடுத்தார்கள். அவள் கடைசியில் நடந்து வந்தாள்.

ஈரக் கையோடு பிலோமினா வெளியே வந்தாள். வேனின் ஜன்னலருகே நின்றாள்.

“வாங்கப்பா.”

நான் பத்து மாதமாகச் சொல்லாததை அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

“எறங்க மாட்டேன்,” என்றேன்.

அவள் முகம் மாறியது. “இன்னுமாப்பா?”

“முறைன்னு ஒண்ணு இருக்கு. முந்தி நிக்கிற வண்டி போகாம பிந்தி வந்த வண்டிய எடுக்கக் கூடாது. நீ பிப்ரவரியில இருந்து நிக்கிற. மொதல்ல நீ நம்ம வீட்டுக்கு வா. அப்புறம் நான் இங்க எறங்குறேன்.”

அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். “சோறு இப்பத்தான் வடிச்சேன்.”

“பானையோட எடு.”

“ஐயோ மாமா, ரெண்டரை மணி நேரமாகும்!” வாசலிலிருந்து ரெஜினா கத்தினாள். “பிள்ளைங்க பசியில இருக்குங்க!”

“பிள்ளைங்க சாப்பிட்டு ஏறட்டும். எனக்கு அவசரமில்ல.”

எனக்கு அவசரமில்லை என்று நான் சொன்னதைக் கேட்டு மருதமுத்து வெளியே வந்து பார்த்தான். ஜெரோம் களைத்துப் போயிருந்ததால் அவனே ஸ்டீரிங்கைப் பிடித்தான். நான் முன் சீட்டில். பின்னால் ஐந்து பேர், ஒருத்தர் மடியில் ஒருத்தர். பிலோமினாவின் மடியில் துணி சுற்றிய சோற்றுப் பானை, காலடியில் குழம்பு. அவளும் சாப்பிடவில்லை.

“எத்தனை மணிக்கு சார் எடுக்கணும்?” என்றான்.

“எல்லாரும் ஏறினப்புறம்.”

என்னைத் திரும்பிப் பார்த்தான். “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் சம்பந்தி,” என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்தான். நன்றாகத்தான் ஓட்டுகிறான்.

வழியில் கண் அசந்துவிட்டேன். வண்டி மிதப்பது போல இருந்தது. யாரோ என் கழுத்துக்குப் பின்னால் துண்டை மடித்து வைத்தார்கள். கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் எடுத்துவிடுவார்களோ என்று தோன்றியது.

நாலே முக்காலுக்கு வீட்டு வாசல். நான் முதலில் இறங்கிப் பூட்டைத் திறந்து உள்ளே போய்த் திரும்பி நின்றேன். ரெஜினாவும் பிள்ளைகளும் என்னைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். பிலோமினா கேட்டுக்கு வெளியே, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், அதே இடத்தில். ஜெரோம் அவள் கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

“வாம்மா,” என்றேன்.

“கேக்கலப்பா.”

கேட்டிருக்கும். ஆறடி தூரம்தான். என் மகள்தானே.

எட்டுப் பிளாட்பாரத்துக்கும் மைக் இல்லாமல் கேட்கும்படி கத்திய தொண்டை இது. எவ்வளவு காலமாயிற்று! மூச்சை இழுத்துப் பிடித்து, “பிலோமினா! உள்ள வா!” என்றேன். காக்கைகள் பறந்தன. எதிர் வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு மாடியிலிருந்தும் பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.